செத்த காலேஜுக்குக் குழந்தையைக் கூட்டிப் போவது எப்படி?

சென்னையின் பழைய ஆட்கள் யாரிடமாவது ‘எக்மோர் மியூசியத்துக்குப் போகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஓ, செத்த காலேஜா?’ என்பார்கள். என் மாமியார் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், மியூசியத்துக்குச் செத்த காலேஜ். காணும் பொங்கலுக்கு ஊரிலிருந்து வருகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போன காலம் அது. இப்போது மிருகக்காட்சி சாலை வண்டலூரில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டும் முடியாது.

பெயர் வந்த கதையைக் குழந்தையிடம் ரயிலிலேயே சொல்லிவிடலாம். 1851இல் இந்த மியூசியம் தொடங்கியபோது எழும்பூரில் இல்லை, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. அதனால் ‘காலேஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர்தான் முதல் பொறுப்பாளர். 1854இல் எழும்பூருக்கு மாறியபின் அவர் உயிருள்ள விலங்குகளையும் மியூசியத் தோட்டத்தில் வைக்க, அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அந்த மிருகக்காட்சி சாலைதான் பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. உயிருள்ளது கிளம்பிவிட்டது, செத்தது இங்கேயே தங்கிவிட்டது. ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், இங்கேயே இருந்தும் ஒரு தடவைகூட உள்ளே போகாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் மகளும் பல தடவை போய்வந்தோம். முதல் தடவை செய்த தவறுகள்தான் இந்தக் கட்டுரையில் பாதி.

முதலில், கிழமை பாருங்கள்

வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. பலருக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கு லீவு விட்ட ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கேட்டின் முன்னால் நின்றோம். மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தை ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருந்த நாள் அது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தேசிய விடுமுறை நாள்களிலும் திறப்பதில்லை. மற்ற நாள்களில் காலை 9.30க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள்.

நல்ல நேரம் எது என்றால், திறந்த உடனே. பத்தரை, பதினொரு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். இருநூறு பிள்ளைகள் வரிசையாக நகரும்போது உங்கள் குழந்தை ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்க முடியாது. கூடங்கள் பல ஏ.சி. இல்லாத பழைய கட்டடங்கள். மே மாத மதியத்தில் போனால் அரை மணி நேரத்தில் குழந்தை தரையில் உட்கார்ந்துவிடும். டிசம்பர், ஜனவரி சுகம். பொங்கல் விடுமுறை நாள்களில் மட்டும் கூட்டம் தாங்காது.

எப்படிப் போவது

புறநகர் ரயிலில் எழும்பூர் ஸ்டேஷன், அல்லது மெட்ரோவில் பச்சை வழித்தடத்தில் எழும்பூர். அங்கிருந்து மியூசியம் இருக்கும் பாந்தியன் சாலைக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். குழந்தையோடு நடந்தால் இருபது நிமிடம்கூட ஆகலாம். காலை வேளையில் நடக்கலாம், திரும்பும்போது வேண்டாம். கால் அதற்குள் கெஞ்ச ஆரம்பித்திருக்கும்.

தாம்பரம் பக்கமிருந்து வருகிறவர்கள் புறநகர் ரயிலிலேயே வாருங்கள். ஒரு காரணம் இருக்கிறது. ரயில் பல்லாவரத்தில் நிற்கும்போது குழந்தையிடம், ‘இங்கே ஒரு ஆள் ஒரு கல்லைக் கண்டுபிடித்தார், அந்தக் கதை மியூசியத்தில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அப்புறம் சொல்கிறேன்.

நுழைவுச் சீட்டு விலை அதிகமில்லை. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தனிக் கட்டணம். படம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ‘இன்றைக்கு எந்தக் கூடம் மூடியிருக்கிறது?’ இங்கே எப்போதும் ஏதாவது ஒரு கூடத்தில் பராமரிப்பு வேலை நடக்கும். குழந்தை எதைப் பார்க்க வந்ததோ அது மூடியிருந்தால், வாசலிலேயே சொல்லிச் சமாதானப்படுத்திவிடலாம். ஒரு மணி நேரம் நடந்துபோய் அங்கே தெரிந்துகொண்டால் அந்த நாளே போச்சு.

பையில் என்ன

தண்ணீர், ஒரு கைக்குட்டை, ஒரு குட்டி நோட்டு, பென்சில். இவ்வளவு போதும். நோட்டு மிக முக்கியம். குழந்தை கேட்கிற கேள்வியில் நமக்குப் பதில் தெரியாததை அதில் எழுதவேண்டும். எழுதத் தெரியாத வயது என்றால் நீங்கள் எழுதுங்கள், படத்தைக் குழந்தை போடட்டும். மகளின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு பெரிய வட்டமும் அதற்குள் ஒரு சின்ன வட்டமும் இருக்கின்றன. அது யானையின் மண்டை ஓடு. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

சாப்பாட்டைக் கூடங்களுக்குள் பிரிக்க முடியாது. காலையில் நன்றாகச் சாப்பிட வைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவதுபோலத் திட்டமிடுங்கள். எழும்பூரில் சாப்பிட இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்

நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம். பதினாறு ஏக்கர் வளாகம், ஆறு கட்டடங்கள், நாற்பத்தாறு கூடங்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடவேண்டும் என்று நாம் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்போம். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து ‘என்னடா பார்த்தே?’ என்று கேட்டால், ‘படிக்கட்டு’ என்றாள். உண்மையாகவே அவளுக்குப் படிக்கட்டுதான் ஞாபகத்தில் இருந்தது. அவ்வளவு ஏறி இறங்கியிருந்தோம்.

அதனால் மூன்றாகப் பிரியுங்கள். முதல் வருகை விலங்குகளுக்கு. இரண்டாவது கல்லுக்கும் ஆயுதங்களுக்கும். மூன்றாவது செப்புச் சிலைகளுக்கு. நடுவில் இரண்டு மூன்று மாதம் இடைவெளி விடுங்கள். சீட்டு விலை குறைவாக இருப்பதன் பலனே இதுதான், திரும்பத் திரும்பப் போகலாம்.

முதல் வருகை: எலும்புகள்

போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வையுங்கள். சைவ வீடு என்றால் மீன் முள்ளின் படம் ஒன்று போதும். நடு முள்ளைக் கழுவி, காயவைத்து, குழந்தையின் கையில் கொடுங்கள். சின்னச் சின்ன எலும்புகள் மாலைபோலக் கோத்திருப்பதை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் குழந்தையின் முதுகைத் தடவிக் காட்டுங்கள். அங்கேயும் அதே மாலை.

இந்த ஒரு தயாரிப்போடு விலங்கியல் பகுதிக்குப் போனால் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வெறும் எலும்புக் குவியலாகத் தெரியாது. அதன் முன்னால் அவசரப்படாதீர்கள். கால் மணி நேரம் நின்றாலும் தகும். முதலில் முதுகெலும்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டுத் துடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் துடுப்பு, உள்ளே பார்த்தால் கை. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எலும்புகள் எல்லாம் இருக்கும். மகள் தன் கையை நீட்டி ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ‘அம்மா, இது கையை உள்ளே வச்சுத் தச்சுட்டாங்களா?’ என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

அடுத்து வால். ‘வால் துடுப்பு எங்கே?’ என்று தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. திமிங்கிலத்தின் வால் துடுப்பில் எலும்பே கிடையாது, அது முழுக்கத் தசைநாரால் ஆனது. உயிர் போனதும் அதுவும் போய்விடுகிறது. மீனின் வால் செங்குத்தாக நிற்கும், இடமும் வலமுமாக ஆடும். திமிங்கிலத்தின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழுமாக அடிக்கும். அது மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற இனம் என்று அதற்குப் பிறகு சொன்னால் குழந்தை நம்பும்.

இன்னும் ஒன்று. நம் கழுத்தில் ஏழு எலும்புகள். திமிங்கிலத்தின் கழுத்திலும் ஏழுதான், ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். தலையைக் குனியச் சொல்லி, பிடரியின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பைக் குழந்தையின் விரலால் தொடவையுங்கள். பெரும்பாலும் அதுதான் ஏழாவது. அதற்குப் பிறகு வீட்டில் பத்து நாளைக்கு வருகிறவர் போகிறவர் எல்லார் கழுத்தையும் மகள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யானை எலும்புக்கூட்டின் முன்னால் எல்லாக் குழந்தையும் ஒரே கேள்வியைக் கேட்கும்: ‘இதுக்கு ஒரே கண்ணா?’ மண்டை ஓட்டின் நடுவில் பெரிதாக ஒரு ஓட்டை இருப்பதால் அப்படித் தெரிகிறது. அது மூக்கு, தும்பிக்கை தொடங்குகிற இடம். கண் குழிகள் பக்கவாட்டில் இருக்கும். தும்பிக்கையில் எலும்பு கிடையாது, திமிங்கிலத்தின் வால்போலவே அதுவும் போய்விட்டது. இதைக் குழந்தையே சொல்கிறதா என்று சற்றுப் பொறுத்துப் பாருங்கள். எனக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை, நானே சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு. பாதத்தையும் காட்டுங்கள். யானை நம்மைப்போல உள்ளங்காலைத் தரையில் பதித்து நடப்பதில்லை. எலும்பைப் பார்த்தால் நுனிக்காலில் நிற்பது தெரியும். குதிகாலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை இருக்கும், அதன்மேல்தான் அவ்வளவு எடையும்.

பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் இருக்கும் இடத்தில் வேறு மாதிரிக் கேள்வி வரும். ‘இது தூங்குதா?’ அதற்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். பொய் சொன்னால் அடுத்த பெட்டியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். செத்துப் போனது, தோல் மட்டும் நிஜம், உள்ளே வேறு பொருளை வைத்து உருவம் கொடுத்திருக்கிறார்கள், கண் கண்ணாடியில் செய்தது என்று நேராகச் சொல்லலாம். குழந்தைகள் இதை நாம் பயப்படுவதைவிடச் சுலபமாக வாங்கிக்கொள்கிறார்கள். ‘யார் கொன்னாங்க?’ என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் காலத்தில் வேட்டை தப்பாகத் தெரியவில்லை, சில விலங்குகள் தானாகவும் செத்திருக்கும் என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். நானும் பேசவில்லை. எங்கள் வீட்டில் சாவைப் பற்றி முதல்முதலாகப் பேசியது செத்த காலேஜில்தான். அதற்கு முந்தைய மாதம்தான் என் அப்பா தவறியிருந்தார். அது பற்றி அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்விகளை அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ‘தாத்தாவோட எலும்பும் இப்படித்தான் இருக்குமா?’ என்பதும் அதில் ஒன்று. உங்கள் குழந்தையும் கேட்கலாம். அந்த நேரத்தில் கடிகாரம் பார்க்காதீர்கள், அன்றைக்கு மற்ற கூடங்களை விட்டுவிடுங்கள்.

புட்டியில் வைத்திருக்கும் பாம்பு, தவளை போன்றவற்றைப் பார்த்துச் சில குழந்தைகளுக்கு வயிற்றைப் புரட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் சரி.

கிளம்பும் முன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் பக்கம் டைனோசர் பொம்மையைப் பார்க்காமல் எந்தக் குழந்தையும் வராது. படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைனோசர் எலும்புகள் நம் அரியலூர்ப் பக்கமும் மண்ணில் கிடைத்திருக்கின்றன என்று சொன்னால் கண் விரியும். பொம்மையைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டால் நிஜ எலும்பு சப்பென்று ஆகிவிடும்.

இரண்டாவது வருகை: கல், வளரி, பீரங்கி

இப்போது பல்லாவரத்துக் கல். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் புவியியல் ஆய்வாளர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். பார்க்கச் சாதாரணக் கல்தான். ஆனால் இரண்டு பக்கமும் கொத்திக் கூராக்கியிருந்தார்கள். ஆதி மனிதர் செய்த கைக்கோடரி அது. இந்தியாவில் கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான ஆராய்ச்சி அந்தக் குழியில்தான் தொடங்கியது. அதே வருடம் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இப்படிப்பட்ட கற்கருவிகள் கிடைத்தன. அங்கே பின்னாளில் தோண்டிப் பார்த்தவர்கள் பதினைந்து லட்சம் ஆண்டுகள் பழமை என்று கணித்திருக்கிறார்கள். ஃபுட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளை 1904இல் இந்த மியூசியம் வாங்கிக்கொண்டது.

குழந்தைக்கு லட்சம் என்றால் புரியாது, விட்டுவிடுங்கள். கையை வைத்துக் காட்டுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தக் கல்லைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கச் சொல்லுங்கள். அகலமான பக்கம் உள்ளங்கையில், கூர் கீழ்நோக்கி. ‘இதால் என்ன செய்திருப்பாங்க?’ என்று கேளுங்கள். மகள் ‘தேங்கா உடைச்சிருப்பாங்க’ என்றாள். அந்தப் பதிலைத் திருத்தாதீர்கள், நோட்டில் எழுதவையுங்கள்.

ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொருள்களையும் தேடிப் பாருங்கள். 1899 முதல் அங்கே அலெக்சாண்டர் ரியா தோண்டியெடுத்தவை இங்கே வந்தன. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஊர் அது. முதல் வருகையில் சாவைப் பற்றிப் பேசிய குழந்தைக்கு இது தொடர்ச்சி. சாப்பிடுகிற கிண்ணம், கத்தி, நகை எல்லாம் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ‘அங்கேயும் பசிக்கும்னு நெனச்சிருக்காங்க’ என்று அவளே சொன்னாள்.

ஆயுதக் கூடத்தில் வாள், கேடயம் எல்லாம் இருக்கும். நீங்கள் வளரியைத் தேடுங்கள். பிறைபோல வளைந்த எறிகருவி. சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் புழங்கியது. மருது சகோதரர்களோடு சேர்த்துப் பேசப்படுவது. மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும்கூடச் செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பூமராங்கைக் கார்ட்டூனில் பார்த்த குழந்தைக்கு, நம் ஊரிலும் அப்படி ஒன்று இருந்தது என்பது பெரிய செய்தி. வெளியில் நிற்கும் பழைய பீரங்கிகளையும் அதே நாளில் பார்த்துவிடலாம். ஏறி உட்கார ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

அமராவதிச் சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியிலிருந்து வந்தவை. 1845இல் வால்டர் எலியட் தோண்டியவற்றில் பெரும்பகுதி லண்டன் போய்விட்டது, இங்கே இருப்பவை பெரும்பாலும் பின்னாளில் தோண்டியெடுத்தவை. சலவைக்கல் என்று ஊரெல்லாம் சொன்னாலும் உண்மையில் சுண்ணாம்புக் கல். ஆனால் ஏழு எட்டு வயதுக்கு அந்தக் கூடம் கனம். ஒரு பலகையில் எத்தனை யானை என்று எண்ணவைத்துவிட்டு வந்துவிடுங்கள். பத்து வயதுக்கு மேல் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

மூன்றாவது வருகை: செப்புச் சிலைகள்

உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருவது இந்தக் கூடத்துக்காகத்தான். அதனாலேயே பெற்றோர் முதல் நாளே இங்கே இழுத்து வருகிறார்கள். குழந்தை ‘எல்லாம் சாமி’ என்று சொல்லிவிட்டு வெளியே ஓடும். மூன்றாவது வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள்.

மெழுகுவர்த்தியை இளம் சூட்டில் இளக்கி, கையால் ஒரு குட்டி மீனோ பறவையோ குழந்தை செய்யட்டும். அதைச் சுற்றிக் களிமண் பூசி, அடியில் ஒரு துளை விட்டு, இரண்டு நாள் நிழலில் காயவையுங்கள். அப்புறம் நீங்கள் அதைச் சூடுபடுத்துங்கள். இந்தப் பகுதி பெரியவர் வேலை, குழந்தை தள்ளியே நிற்கவேண்டும். மெழுகு உருகித் துளை வழியாக ஓடிவிடும். உள்ளே மீன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் செய்வது இதைத்தான். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். எங்கள் வீட்டில் களிமண் விரிசல் விட்டுவிட்டது, மெழுகு பக்கவாட்டில் வழிந்தது. ஆனாலும் மகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூடத்துக்குள் நுழைந்ததும் ‘இவ்வளவு பேரையும் மெழுகுல செஞ்சாங்களா!’ என்றாள்.

நேராகத் திருவாலங்காட்டு நடராசரிடம் போங்கள். இந்த மியூசியத்துச் சிலைகளின் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வியந்து எழுதினார். அதைப் பெரியவர்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். குழந்தையை அந்த நிலையில் நிற்கச் சொல்லுங்கள். வலது காலை லேசாக மடக்கி ஊன்றி, இடது காலைக் குறுக்கே தூக்கி, ஒரு கையால் அபயம், இன்னொரு கையால் தூக்கிய காலைக் காட்டவேண்டும். பத்து எண்ணுவதற்குள் தள்ளாடும். அதற்குப் பிறகு சிலையைப் பார்க்கும்போது, அந்த ஆட்டத்திலும் முகம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது தானே தெரியும். பின் கைகளில் உடுக்கையும் தீயும், காலடியில் முயலகன். கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து திருவெண்காட்டு அர்த்தநாரி. ‘எத்தனை கை?’ என்று மட்டும் கேளுங்கள். மூன்று. சாமிக்கு இரண்டு, நான்கு என்று பார்த்துப் பழகிய குழந்தை திரும்ப எண்ணும். சிவனின் பாதியில் இரண்டு, அம்மையின் பாதியில் ஒன்று. உடையையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு பாதியில் குட்டை, மறுபாதியில் நீளம். இந்த ஒரு சிலையில் இருக்கிற அழகுக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. மகள் நகர்ந்துபோன பிறகும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன்.

பிறகு குனிந்து பீடங்களைப் பாருங்கள். குழந்தையின் உயரத்துக்கு அது சரியாகக் கண்ணில் படும். பல பீடங்களில் வளையங்களோ துளைகளோ இருக்கும். அவை எதற்கு என்று யோசிக்கவிடுங்கள். கம்பு நுழைத்துத் தோளில் தூக்கிப்போக. இவர்கள் எல்லாம் உற்சவர்கள், வீதிவலம் போனவர்கள். சில முகங்களில் கண்ணும் மூக்கும் மழுங்கியிருப்பது தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து தேய்த்ததால்.

‘அப்போ ஏன் கோவில்ல இல்ல?’ என்று கேட்கும். இங்கே புதையல் கதை வருகிறது. படையெடுப்புக் காலங்களில் பல சிலைகளை மண்ணுக்குள் மறைத்து வைத்தார்கள். மறைத்தவர்களும் போய்விட்டார்கள், இடமும் மறந்துவிட்டது. நூற்றாண்டுகள் கழித்து யாரோ வயலை உழும்போது, அஸ்திவாரம் தோண்டும்போது கடப்பாரையில் ‘டங்’ என்று தட்டியது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவை கலெக்டரிடம் போய், அங்கிருந்து பலவும் இங்கே வந்தன. இந்தக் கதையை அந்த ‘டங்’ சத்தத்தோடு சொல்லவேண்டும்.

நாங்கள் போன அன்று ஒரு வயதான அம்மா செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு சிலை முன்னாலும் நின்று கும்பிட்டுக்கொண்டே போனார். மகள் என்னைப் பார்த்தாள். ‘நாமளும் கும்பிடணுமா?’ உனக்குத் தோன்றினால் கும்பிடலாம், தோன்றாவிட்டால் பார்க்கலாம், இரண்டுமே சரிதான் என்றேன். அவள் அர்த்தநாரியிடம் திரும்பிப் போய்க் கையைக் கூப்பிவிட்டு வந்தாள்.

இன்னும் தெம்பு இருந்தால்

வளாகத்தில் சிவப்புக் கல்லில் அரண்மனைபோல நிற்கும் கட்டடம் ஹென்றி இர்வின் வடிவமைத்தது. விக்டோரியா நினைவு மண்டபமாக எழுந்து பின்னாளில் தேசியக் கலைக்கூடமானது. உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியில் நின்று பாருங்கள். அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதிகள் வந்துசேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. நோட்டில் சேர்ந்த கேள்விகளுக்கு விடை தேட இதைவிட வசதியான இடம் வேறில்லை.

மகளின் நோட்டில் இப்போது பதினோரு கேள்விகள் பாக்கி. ‘திமிங்கிலத்துக்கு முட்டி உண்டா?’, ‘முயலகனுக்கு வலிக்காதா?’, ‘கல்லுக் கோடாலி செஞ்சவங்களுக்குப் பேர் இருந்துச்சா?’ முதல் கேள்விக்காகவே அடுத்த மாதம் மறுபடி போகிறோம். சனிக்கிழமை.